நுரையீரல் புற்றுநோயாளிக்கு நிமோனியா: எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் கீமோ, கதிர்வீச்சு, ஸ்கேன் என்று மனம் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கில் நிமோனியா இருப்பதில்லை. ஆனால் சிகிச்சையின் நடுவே பலரையும் மருத்துவமனையில் படுக்க வைப்பது அதுதான். பெரியப்பாவின் சிகிச்சைக் காலம் முழுவதும் கூடவே இருந்து, ஆய்வகங்களின் வாசலில் நின்று தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. அவர் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கத் தேவையான தகவலும் மாதிரியும் சரியான நேரத்தில் அவர் கைக்குப் போய்ச் சேருவதில் உடனிருப்பவருக்கு நிறைய வேலை உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆய்வகம், கேட்டதைத்தான் தேடும். 'சளி கல்ச்சர்' (சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) என்று மட்டும் எழுதி அனுப்பினால் சாதாரண பாக்டீரியாக்களைத் தேடிவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடுவார்கள். காசநோய், பூஞ்சை, நியூமோசிஸ்டிஸ், லீஜியோனெல்லா எதுவும் அந்தத் தேடலில் வராது. வளர்ச்சி இல்லை என்ற வரியைப் படித்துவிட்டுக் கிருமியே இல்லை என்று நிம்மதி அடைபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

1. காய்ச்சல் வந்தால் கிளம்புங்கள்

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு உடல் வெப்பம் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ (101 ஃபாரன்ஹீட்), 38 டிகிரிக்கு மேல் (100.4 ஃபாரன்ஹீட்) ஒரு மணி நேரம் நீடித்தாலோ அது அவசரநிலை. பல மருத்துவமனைகள் 38ஐத் தொட்டதுமே வரச் சொல்கின்றன. உங்கள் மருத்துவர் எந்த எண்ணைச் சொல்கிறாரோ அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

இந்த அவசரத்துக்குக் காரணம் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு. கீமோ கொடுத்து ஏறத்தாழ 7 முதல் 14 நாள்களுக்குள் அதன் எண்ணிக்கை தரைதட்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால் சாதாரண பாக்டீரியாகூடச் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அந்த நிலையில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதே நடைமுறை.

இந்த எண்ணிக்கையை நீங்களே கணக்கிடலாம். ரத்த அறிக்கையில் மொத்த வெள்ளையணுக்கள் 1,200, நியூட்ரோபில் 30 சதவீதம் என்று இருந்தால், 1,200இல் 30 சதவீதம் 360. அதாவது 500க்குக் கீழே. அறிக்கையில் சதவீதத்தை மட்டும் பார்த்து '30 இருக்கிறதே' என்று இருந்துவிடாதீர்கள்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. வெப்பத்தை அளக்கும் முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது. ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமல் நிமோனியா முற்றலாம். அவரிடம் மூச்சுத்திணறல், பேச்சில் குழப்பம், ஆக்சிமீட்டரில் வழக்கத்தைவிடக் குறையும் எண் ஆகியவற்றைக் கவனியுங்கள். நியூட்ரோபில் குறைந்தவருக்கு ஆசனவாயில் வெப்பமானி வைக்கக் கூடாது. வெள்ளையணு இல்லாதபோது சளி திரளாது, முதல் எக்ஸ்ரேயும் தெளிவாகவே தெரியலாம். சளி இல்லை, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, அதனால் நிமோனியா இல்லை என்ற முடிவு அப்போது செல்லாது.

2. ஒரு பக்கக் குறிப்பை எப்போதும் கையில் வைத்திருங்கள்

அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு உங்கள் புற்றுநோய் மருத்துவரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கொழுத்த கோப்பைப் புரட்ட அவருக்கு நேரமும் இல்லை. ஒரே பக்கத்தில் இவை இருக்கட்டும்:

- புற்றுநோயின் வகை, எந்த நுரையீரலில் எந்தப் பகுதி, மூச்சுக்குழாயில் அடைப்பு உண்டா
- கடைசி கீமோவின் தேதியும் மருந்தின் பெயரும். இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) அல்லது இலக்குச் சிகிச்சை மாத்திரை எடுத்தால் அதன் பெயர், தொடங்கிய தேதி
- கதிர்வீச்சு நெஞ்சுக்குக் கொடுக்கப்பட்டதா, எப்போது முடிந்தது
- ஸ்டீராய்டின் பெயர், தினசரி அளவு, எத்தனை வாரமாக
- கடந்த மூன்று மாதங்களில் எடுத்த ஆன்டிபயாடிக்குகள், மருத்துவமனையில் தங்கிய நாள்கள்
- முன்பு எந்தக் கல்ச்சரிலாவது வளர்ந்த கிருமியின் பெயர்
- காசநோய் முன்பு வந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா
- மருந்து ஒவ்வாமை

இதில் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு கிருமியைச் சந்தேகப் பட்டியலில் மேலே ஏற்றும் அல்லது கீழே இறக்கும். எப்படி என்பது அடுத்த பகுதி. பழைய சி.டி. ஸ்கேனின் அறிக்கை மட்டும் போதாது. படங்கள் உள்ள குறுந்தகடோ கோப்போ தேவை. புதிய நிழல் எது, பழைய கட்டி எது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

3. எந்தச் சூழலில் எந்தக் கிருமி

நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கு வரும் நிமோனியாவில் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே போன்ற பாக்டீரியாக்களும் சுவாச வைரஸ்களும் முன்னே நிற்கும். நுரையீரல் புற்றுநோயாளிக்கு இவையும் வரும். இவற்றோடு மற்றொரு கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கூட்டத்தில் யார் வருவார் என்பதை அவருடைய உடல்நிலையே பெருமளவு சொல்லிவிடுகிறது.

*மூச்சுக்குழாயைக் கட்டி அடைத்திருந்தால்.* அடைப்புக்குப் பின்னால் சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் சேர்ந்தே வளர்வது சகஜம்: ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, ஈ. கோலை, இவற்றோடு ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள். சளியில் துர்நாற்றம் அடித்தால் கடைசியாகச் சொன்னவற்றை நினைக்க வேண்டும். அவை வழக்கமான சளிக் கல்ச்சரில் வளராது. அதனால் அறிக்கையில் பெயர் இல்லாவிட்டாலும் மருத்துவர் அவற்றுக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், நிறுத்தினால் அதே இடத்தில் மறுபடியும் வரும். இப்படி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால், மருந்தை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் 'அடைப்பை நீக்க வழி உண்டா?' என்று கேளுங்கள். குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைப்பது, பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் குழாயை இறக்கிப் பார்ப்பது) வழியாகக் கட்டியைச் செதுக்குவது, கதிர்வீச்சு கொடுத்துச் சுருக்குவது என்று வழிகள் இருக்கின்றன. அடைப்புக்குப் பின்னால் கிருமியே இல்லாமல் வீக்கமும் காய்ச்சலும் மட்டும் இருப்பதும் உண்டு.

*நியூட்ரோபில் குறைந்திருந்தால்.* முதல் பயம் சூடோமோனாஸ் உள்ளிட்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள். அதனால்தான் அறிக்கைக்குக் காத்திராமல் சூடோமோனாஸையும் அடக்கக்கூடிய ஊசியைத் தொடங்குகிறார்கள். எண்ணிக்கை பல நாள்கள் எழும்பாமல், ஆன்டிபயாடிக் ஏறியும் காய்ச்சல் விடாவிட்டால், அடுத்து வருவது ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. சளியில் ரத்தம், நெஞ்சு வலி, சி.டி.யில் முடிச்சைச் சுற்றி மங்கலான வளையம் ஆகியவை அதன் அடையாளங்கள். நுரையீரலில் பழைய குழிகள் உள்ளவர்களுக்கு இதே பூஞ்சை மாதக்கணக்கில் மெதுவாக வளரும் வடிவமும் உண்டு. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் மியூகர் பூஞ்சையையும் மறக்கக் கூடாது.

*ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்திருந்தால்.* இதைத்தான் குடும்பங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு டெக்சாமெத்தசோன் கொடுப்பார்கள். இம்யூனோதெரபியின் பக்கவிளைவுக்குப் பிரெட்னிசோலோன் கொடுப்பார்கள். பிரெட்னிசோலோன் கணக்கில் தினமும் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ நான்கு வாரம் அல்லது அதற்கும் அதிகமாகப் போனால் நியூமோசிஸ்டிஸ் ஜிரோவெசி என்ற பூஞ்சையால் நிமோனியா வரும் ஆபத்து கூடுகிறது. டெக்சாமெத்தசோன் வெறும் 3 மில்லிகிராம், 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். மாத்திரை சிறியது என்று அலட்சியம் வேண்டாம்.

நியூமோசிஸ்டிஸின் அடையாளம் வறட்டு இருமல். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருக்கும் ஆக்சிஜன் அளவு, கழிப்பறை வரை நடந்து வந்தால் சரியும். சி.டி.யில் இரண்டு நுரையீரலிலும் பனிமூட்டம் போல் தெரியும். இதைத் தடுக்க டிரைமெத்தோபிரிம்–சல்ஃபாமெத்தாக்சசோல் மாத்திரை இருக்கிறது. ஸ்டீராய்டு சீட்டு எழுதும் நாளிலேயே 'தடுப்பு மாத்திரை தேவையா?' என்று கேட்டுவிடுங்கள். அதே ஸ்டீராய்டுக் கூட்டத்தில் நோகார்டியா என்ற பாக்டீரியாவும் உண்டு. மெதுவாக வளரும், மூளைக்கும் போகும். ஸ்கேனில் பார்த்தால் புற்றுநோய் பரவியது போலவே இருக்கும்.

*புரையேறினால்.* கட்டியோ நிணநீர்க் கணுவோ குரல்வளை நரம்பை அழுத்தினால் குரல் கரகரக்கும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருப்பது இங்கே உண்மையிலேயே நிமோனியாத் தடுப்பு. குரல் மாறியதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் அவர் கவனிக்காமல் விடலாம்.

*சமீபத்தில் மருத்துவமனையில் தங்கியிருந்தால்.* எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்), பல மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவை பட்டியலில் ஏறும். 'போன மாதம் வேறிடத்தில் இருந்தோம்' என்ற ஒரு வரி மருந்தையே மாற்றிவிடும்.

*வைரஸ்கள்.* இன்ஃபுளுவென்சா, கொரோனா, ஆர்.எஸ்.வி. ஆகிய மூன்றையும் எல்லா நிலையிலும் நினைக்க வேண்டும். வீட்டில் குழந்தைக்குச் சளி என்பது இங்கே சின்னத் தகவல் இல்லை. இன்ஃபுளுவென்சாவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால் பலன் அதிகம். இவர்களைப் போன்றவர்களுக்கு அதன் பிறகும் கொடுப்பதுண்டு.

*காசநோய்.* நுரையீரல் புற்றுநோயும் காசநோயும் ஒன்றைப் போல் ஒன்று வேடமிடும், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் செய்யும். வாரக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை இரண்டுக்கும் பொது. அதனால் கேட்டு வாங்கியாவது காசநோய்க்கான சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: லீவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன் மருந்துகள் காசநோயைத் தற்காலிகமாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூடாத மருந்துகளில் இது முதன்மையானது.

4. சளி மாதிரி: பாதிச் சோதனை இங்கேயே தோற்கிறது

பெரியப்பா கொடுத்த முதல் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஆய்வகப் பெண் சொன்னது: "ஐயா, இது எச்சில். எனக்குச் சளி வேண்டும்." டப்பாவில் நுரையும் தெளிந்த நீரும்தான் இருந்தன. அவர் திருப்பி அனுப்பியது பெரிய உதவி. பல இடங்களில் அப்படியே வாங்கிச் சோதித்து, 'சாதாரண வாய்க் கிருமிகள்' என்று அறிக்கை கொடுத்துவிடுவார்கள். பணமும் போகும், மூன்று நாளும் போகும்.

சரியாக எடுக்கும் முறை: காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். கிருமிநாசினி மவுத்வாஷ் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். டப்பாவில் விழுவது கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் நல்ல மாதிரி. மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள். பெயர், தேதி, எடுத்த நேரம் டப்பாவின் மீது இருக்கட்டும், மூடியின் மீது வேண்டாம். மூடி கழன்றால் பெயரும் போய்விடும்.

இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைய வைக்கக் கூடாது. சளி வரவே இல்லை என்றால் நெபுலைசர் கருவி வழியாக உப்புநீரை இழுக்க வைத்து எடுக்கும் முறை இருக்கிறது. கேளுங்கள்.

அறிக்கையில் சளியின் தரமும் இருக்கும். வாய்த் தோல் செல்கள் நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 10க்குக் குறைவாகவும், வெள்ளையணுக்கள் 25க்கு அதிகமாகவும் இருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்தது என்று நம்பலாம். (நியூட்ரோபில் குறைந்தவருக்கு இரண்டாவது எண் பொருந்தாது.) முதல் எண் எக்கச்சக்கமாக இருந்தால் கீழே எழுதியிருக்கும் கிருமியின் பெயருக்குப் பெரிய மதிப்பில்லை.

முதல் ஊசி ஏறும் முன்பே மாதிரி எடுப்பது நல்லது. ஒரு வேளை மருந்து ஏறினாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். ஆனால் நியூட்ரோபில் குறைந்தவருக்கோ மூச்சுத் திணறுபவருக்கோ சளிக்காக மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ரத்தக் கல்ச்சரை எடுத்துவிட்டு ஊசியைப் போடச் சொல்லுங்கள். சளி பிறகு வரட்டும்.

5. ரத்தம், சிறுநீர், மூக்குத் துடைப்பு

ரத்தக் கல்ச்சர் இரண்டு தொகுதி, இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து. நெஞ்சில் கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைத்த கருவி) இருந்தால் ஒன்று அதிலிருந்து, மற்றொன்று கையிலிருந்து. ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் ரத்தம் வேண்டும். குறைந்தால் கிருமி அகப்படும் வாய்ப்பும் குறையும்.

சிறுநீரில் இரண்டு கிருமிகளின் தடயத்தைத் தேடலாம்: நியூமோகாக்கஸ், லீஜியோனெல்லா. லீஜியோனெல்லா சாதாரண கல்ச்சரில் வளராது, பென்சிலின் வகை மருந்துகளுக்கும் அடங்காது. சிறுநீர்ச் சோதனை அதன் ஒரு வகையை மட்டுமே காட்டும் என்பதால் 'இல்லை' என்று வந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. மூக்கு, தொண்டைத் துடைப்பில் வைரஸ்களுக்கான பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்யலாம். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கான மூக்குத் துடைப்பு 'இல்லை' என்று வந்தால், அதற்காகத் தொடங்கிய மருந்தை நிறுத்த அது மருத்துவருக்கு நல்ல ஆதாரம்.

பூஞ்சைக்கு ரத்தத்தில் இரண்டு சோதனைகள்: காலக்டோமன்னன், பீட்டா–டி–குளுக்கன். முதலாவது ஆஸ்பெர்ஜில்லஸுக்கு. இரண்டாவது நியூமோசிஸ்டிஸ் உள்பட பல பூஞ்சைகளில் உயரும், எது என்று பெயர் சொல்லாது. மியூகரை இரண்டுமே காட்டாது.

6. பிராங்கோஸ்கோபி: ஒரே முறை, முழுப் பட்டியலோடு

சளியில் விடை இல்லை, மருந்தும் கேட்கவில்லை என்றால், மூச்சுக்குழாய் வழியாகக் குழாயை இறக்கி, உப்புநீரால் கழுவி எடுப்பார்கள். நியூமோசிஸ்டிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் இரண்டுக்கும் இந்தக் கழுவுநீர், சளியைவிட நல்ல மாதிரி. அடைப்பு இருக்கிறதா என்பதும் அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆக்சிஜன் அளவு மிகக் குறைந்திருந்தாலோ, பிளேட்லெட் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுத்தாலோ ஆபத்து கூடும். முந்தைய நாளே ரத்தச் சோதனை, ஒப்புதல் படிவம், சில மணி நேரம் வெறும் வயிறு என்று ஏற்பாடுகள் இருக்கும். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: எடுக்கும் நீரில் எந்தெந்தச் சோதனைகள் என்று முன்கூட்டியே பட்டியல் போடச் சொல்லுங்கள். கிராம் சாயம் (பாக்டீரியாவுக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது), பாக்டீரியாக் கல்ச்சர், காசநோய்க்கான சாயமும் ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மரபணுச் சோதனையும் கல்ச்சரும், பூஞ்சைச் சாயமும் கல்ச்சரும், காலக்டோமன்னன், நியூமோசிஸ்டிஸுக்கான சாயம் அல்லது பி.சி.ஆர்., வைரஸ் பி.சி.ஆர்., புற்றுச் செல் சோதனை. எல்லாம் எல்லோருக்கும் தேவைப்படாது. தேவையில்லாததை மருத்துவர் அடித்துவிடட்டும். விட்டுப்போன ஒன்றுக்காக இன்னொரு முறை குழாயை இறக்குவதுதான் கொடுமை. நோகார்டியா சந்தேகம் என்றால் 'கல்ச்சரைச் சீக்கிரம் எறியாதீர்கள்' என்று ஆய்வகத்துக்கு எழுதிச் சொல்ல வேண்டும்.

சதைத் துணுக்கும் எடுத்தால் ஒரு கண் வைத்திருங்கள். பயாப்சிக்குப் போகும் துணுக்கு ஃபார்மலினில் விழும். ஃபார்மலினில் விழுந்ததைக் கல்ச்சர் செய்ய முடியாது, கிருமி செத்துவிடும். கல்ச்சருக்கான துணுக்கு ஃபார்மலின் இல்லாத, கிருமி நீக்கிய தனி டப்பாவில், உப்புநீரில் போக வேண்டும். எங்களுக்கு ஓரிடத்தில் முழுத் துணுக்கையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள். கேட்டபோது 'வழக்கமாக இப்படித்தான்' என்றார்கள். புற்றுநோய்க்கு அது வழக்கம்தான், கிருமிக்கு அல்ல.

7. எது எப்போது வரும்

கிராம் சாயம் அன்றே வரும். ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் விடை சொல்லும், ஆய்வக வரிசையைச் சேர்த்தால் ஒரு நாள். பாக்டீரியாக் கல்ச்சரும் எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் இரண்டு மூன்று நாள். ரத்தக் கல்ச்சரை 5 நாள் வைத்திருப்பார்கள். பூஞ்சைக் கல்ச்சருக்கு நான்கு வாரம் வரை. காசநோய்க் கல்ச்சர் ஆறு முதல் எட்டு வாரம் வரை இழுக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கிடைக்கும் சுருக்கத்தில் 'இடைக்கால அறிக்கை: வளர்ச்சி இல்லை' என்றிருக்கும். ஐந்தாம் வாரம் காசநோய் வளர்ந்திருந்தால் அதை யார் பார்ப்பார்கள்? நிலுவையில் உள்ள சோதனைகளின் பெயர், மாதிரி எண், முடிவு வரும் தேதி ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சுருக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியில் நீங்களே போய்க் கேளுங்கள்.

8. அறிக்கையைப் படிக்கும்போது

ஒரு பெயர் வந்துவிட்டால் அதுவே காரணம் என்று பொருளில்லை. சளியில் கேண்டிடா பூஞ்சை வளர்வது மிகச் சாதாரணம். அது பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் குடியிருப்பது. நிமோனியாவுக்குக் காரணமாவது மிக அரிது. அதற்காகப் பூஞ்சை மருந்து தொடங்கினால் ஏன் என்று கேளுங்கள். ரத்தக் கல்ச்சரில் இரண்டு தொகுதியில் ஒன்றில் மட்டும் தோல் ஸ்டஃபிலோகாக்கஸ் வளர்ந்தால் அது பெரும்பாலும் ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டது. நீண்ட காலம் புகைத்து நுரையீரல் கெட்டவர்களிடம் ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா, சூடோமோனாஸ் எல்லாம் நோய் செய்யாமலும் தங்கியிருக்கும். ஒரே நேரத்தில் பல கிருமிகளைத் தேடும் பி.சி.ஆர். தொகுப்பு இப்படித் தங்கியிருப்பவற்றையும் செத்தவற்றையும் சேர்த்தே காட்டிவிடும். காசநோய், பூஞ்சை ஆகியவை பொதுவாக அந்தத் தொகுப்பில் இருக்காது.

மருந்துப் பட்டியலில் 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. பக்கத்தில் எம்.ஐ.சி. (கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) என்று ஒரு எண் இருக்கும். எண் சிறியதாக இருக்கும் மருந்துதான் சிறந்தது என்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு.

எந்தக் கிருமியும் பிடிபடாமல் போவதும் சகஜம். பொதுவாக நிமோனியாவில் அனுமதிக்கப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, நன்றாகத் தேடியும் கிருமியின் பெயர் கிடைப்பதில்லை. அப்போது சூழலை வைத்துத்தான் மருந்து. மூன்றாம் பகுதியை நீளமாக எழுதியதற்கு அதுதான் காரணம்.

9. கிருமியே இல்லாத நிமோனியா

நெஞ்சுக்குக் கதிர்வீச்சு முடிந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் வரும் நுரையீரல் அழற்சி; பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், டுர்வாலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் தூண்டும் அழற்சி; ஒசிமெர்டினிப், ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகளால் வருவது. மூன்றும் நிமோனியாவைப் போலவே இருமல், மூச்சுத்திணறல், ஸ்கேனில் நிழல் காட்டும். சிகிச்சையோ நேரெதிர்: மருந்தால் வந்ததென்றால் அந்த மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு, கதிர்வீச்சால் வந்ததற்கும் ஸ்டீராய்டு. கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் விபரீதம், அழற்சி இருக்கும்போது ஆன்டிபயாடிக்கையே நம்பியிருந்தாலும் விபரீதம். அதனால்தான் சில நேரம் இரண்டையும் சேர்த்துத் தொடங்கிவிட்டு, சோதனை முடிவுகள் வந்ததும் ஒன்றை நிறுத்துகிறார்கள். குழம்பாதீர்கள், அது தடுமாற்றம் இல்லை. நுரையீரல் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைப்பதும் இதே முகத்தோடு வரும் என்பதால் அதற்கான சி.டி.யும் கேட்கலாம்.

10. செலவு

சாயச் சோதனையும் கல்ச்சரும் மலிவு. காலக்டோமன்னன், பீட்டா–டி–குளுக்கன், பி.சி.ஆர். தொகுப்பு ஆகியவை விலை கூடியவை. சிறிய ஆய்வகங்கள் இவற்றை வெளியே அனுப்பும், நாளும் கூடும். பிராங்கோஸ்கோபியில் கருவிக் கட்டணம், மயக்க மருந்து, படுக்கை, ஆய்வகம் என்று நான்கு தலைப்பில் வரும். ஆய்வகத் தொகையையும் சேர்த்து முன்மதிப்பீடு கேளுங்கள். காப்பீடு இருந்தால் முன் அனுமதிக் கடிதத்தில் 'நோயெதிர்ப்பு குறைந்தவருக்கு நிமோனியாக் கிருமியைக் கண்டறிய' என்ற காரணம் இருக்கட்டும். புற்றுநோய்ச் சோதனையோடு சேர்த்துக் குழப்பினால் கேள்வி வரும்.

பணம் வீணாவது பெரும்பாலும் திரும்பச் செய்வதில்தான். இடம் மாறும்போது பழைய அறிக்கைகளின் நகல் இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

11. மருந்து தொடங்கிய பிறகு

மருந்துகள் ஒன்றோடொன்று மோதும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் என்ற மருந்து ஒசிமெர்டினிப், ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். ஆஸ்பெர்ஜில்லஸுக்கான வோரிகோனசோல் பல மாத்திரைகளின் அளவை ஏற்றும். அசித்ரோமைசினும் ஒசிமெர்டினிப்பும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளத்தைக் கவனிக்க ஈ.சி.ஜி. வேண்டும். புதிய மாத்திரை ஒவ்வொன்றையும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள்.

எத்தனை நாள் என்பது கிருமியைப் பொறுத்தது. சாதாரண பாக்டீரியா நிமோனியாவுக்கு 5 முதல் 7 நாள் போதலாம். அடைப்பும் சீழ்க்கட்டியும் இருந்தால் வாரக்கணக்கு. நியூமோசிஸ்டிஸுக்கு 21 நாள். ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரம். காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம், நோகார்டியாவுக்கு அதற்கும் மேல். அடுத்த கீமோ எப்போது என்ற கேள்விக்கும் இந்தக் கணக்கே விடை. கிருமியின் பெயர் தெரியாமல் புற்றுநோய் மருத்துவரை நச்சரித்துப் பயனில்லை.

12. அடுத்த முறைக்கு

இன்ஃபுளுவென்சா தடுப்பூசி ஆண்டுதோறும், நியூமோகாக்கஸ் தடுப்பூசி, கொரோனா, ஆர்.எஸ்.வி. ஆகியவற்றைப் பற்றி சிகிச்சை தொடங்கும் முன்பே பேசுங்கள். கீமோவுக்கு இரண்டு வாரம் முன்பு போட்டுவிடுவது சிறப்பு. கீமோ காலத்தில் உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் கூடாது. இன்ஃபுளுவென்சாவுக்கு மூக்கில் தெளிக்கும் வகை அப்படிப்பட்டது, ஊசி வகை அப்படியில்லை. வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும்.

நிழல் மறைய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். அதன் பிறகும் அதே இடத்தில் நின்றால் அடைப்பையோ கட்டியையோ தேட வேண்டும். இம்முறை வளர்ந்த கிருமியின் பெயரையும் அது எந்த மருந்துக்கு அடங்கியது என்பதையும் அந்த ஒரு பக்கக் குறிப்பில் இன்றே ஏற்றிவிடுங்கள். அடுத்த முறை அவசரப் பிரிவில் முதல் ஊசியைத் தேர்ந்தெடுப்பவர், சூடோமோனாஸோ எம்.ஆர்.எஸ்.ஏ.வோ முன்பு வந்ததா என்றுதான் முதலில் பார்ப்பார்.